அனுப்பியவர் யார்? கைபேசிச் செய்திகளும் நம் மஹல்லா குழுக்களும்

2023 மார்ச் முதல் வாரத்தில் தமிழ்நாட்டைப் பற்றி வட இந்தியா முழுக்க ஒரு செய்தி ஓடியது. இந்தி பேசுகிறார்கள் என்பதற்காகவே பீகார்த் தொழிலாளர்களைத் தமிழர்கள் அடித்துக் கொல்கிறார்கள் என்பதுதான் அது. பா.ஜ.க.வைச் சேர்ந்த வழக்கறிஞர் பிரசாந்த் உம்ராவ், இந்தி பேசியதற்காகத் தொழிலாளர்களை ஓர் அறையில் தூக்கில் தொங்கவிட்டார்கள், அதில் 12 பேர் இறந்துவிட்டார்கள் என்று ட்விட்டரில் எழுதினார். அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை. ஆனால் அது பீகார் சட்டமன்றம் வரை போனது. மார்ச் 1-ஆம் தேதி முதல்வர் ஸ்டாலினின் பிறந்தநாள் விழாவுக்காகச் சென்னை வந்திருந்தார் அம்மாநிலத்தின் அன்றைய துணை முதல்வர் தேஜஸ்வி யாதவ். "நம் பிள்ளைகள் சாகும்போது இவர் அங்கே விருந்து சாப்பிடுகிறார்" என்ற தொனியில் எதிர்க்கட்சி பிடித்துக்கொண்டது. அரசியல் கணக்கு எங்கே இருந்தது என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு காணொலி வெளியிட்டு மறுத்தார். சுற்றுக்கு வந்த இரண்டு காணொலிகளில் ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்த மோதல். பீகார் அரசு அனுப்பிய நான்கு பேர் குழுவும் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. யூடியூபர் மனீஷ் காஷ்யப் பரப்பிய காணொலி ஒன்றில் தலையில் கட்டுப் போட்ட தொழிலாளர்கள் வருவார்கள். அது தமிழ்நாட்டில் எடுத்ததே அல்ல, பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் எடுத்தது என்று பீகார் போலீசாரே கண்டுபிடித்தார்கள்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு விஷயம். அந்த வாரம் அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஜுமுஆ தொழுதவர்கள் கவனித்திருப்பார்கள். கடைசி ஸஃப்புகளில் வேலை உடையோடு வந்து நிற்கும் பிள்ளைகள் பாதிப் பேர் பீகார், உ.பி., வங்காளம், அஸ்ஸாமைச் சேர்ந்தவர்கள். லேத் பட்டறையிலும் வார்ப்பு ஆலையிலும் பேக்கிங்கிலும் வேலை பார்ப்பவர்கள். தொழுகை முடிந்து அவர்களில் இருவர் என்னிடம் வந்தார்கள். "மௌலானா, நாங்கள் ஊருக்குப் போய்விடட்டுமா?" என்று கேட்டார்கள். யாராவது மிரட்டினார்களா என்று கேட்டேன். இல்லை. முதலாளி ஏதாவது சொன்னாரா? இல்லை. கட்டிஹாரிலிருந்து அம்மா போன் செய்து அழுகிறாராம்.

அம்பத்தூரில் என்ன நடக்கிறது என்பது அம்பத்தூரில் இருப்பவனுக்கு கட்டிஹார் வழியாகத் தெரிய வருகிறது. அவன் தங்கியிருக்கும் தெருவில் டீக்கடைக்காரர் நேற்றுபோலவே இன்றும் டீ கொடுக்கிறார். கண் பார்ப்பது ஒன்று, கைபேசி சொல்வது வேறு. அவன் கைபேசியைத்தான் நம்பினான். ஏனென்றால் அதில் பேசியது அம்மா. அம்மாவுக்கு யார் சொன்னது? பக்கத்து வீட்டுப் பையனின் போன். அவனுக்கு? அங்கேதான் நூல் அறுந்துபோகிறது.

ஸனது அறுந்த செய்தி

மதரஸாவில் எங்களுக்கு ஹதீஸ் கலை நடத்தும்போது முதல் பாடமே ஸனதுதான். இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார், அவர் இன்னாரிடமிருந்து கேட்டார் என்று பெயர் பெயராக நபி (ஸல்) அவர்கள் வரை போக வேண்டும். இடையில் ஒரு பெயர் விடுபட்டால் அந்த அறிவிப்பு பலவீனம். பெயர் இருந்தும் ஆள் யாரென்று தெரியாவிட்டால் அவர் மஜ்ஹூல், அதுவும் பலவீனம். ஆள் தெரிந்தவர், நல்லவர், தொழுகையாளி. ஆனால் நினைவாற்றல் போதாது என்றால் அப்போதும் ஏற்க மாட்டார்கள். நல்லவர் என்பது வேறு, சரியாகச் சொல்பவர் என்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கையை எழுதி வைத்த சமுதாயம் நம்முடையது.

வாட்ஸ்அப் இதற்கு நேர் எதிராகக் கட்டப்பட்டது. ஒரு செய்தியை நாம் அடுத்தவருக்குத் தள்ளும்போது நமக்கு அனுப்பியவரின் பெயர் அதோடு போவதில்லை. ஒவ்வொரு கைமாற்றிலும் ஒரு ராவி அழிகிறார். கடைசியில் படிப்பவருக்குத் தெரிவது இரண்டே: செய்தி, அதைத் தனக்கு அனுப்பிய மாமா. மாமா நல்லவர். ஆகவே செய்தியும் நல்லது. இந்த ஒரு தவறான கணக்கின் மேல்தான் அத்தனை வதந்தி வியாபாரமும் நிற்கிறது.

இது அந்த நிறுவனத்துக்கும் தெரியும். 2018-இல் இந்தியாவில் குழந்தை கடத்தல் வதந்தியால் பலர் அடித்துக் கொல்லப்பட்ட பிறகுதான், தள்ளிவிடப்பட்ட செய்தி என்ற அடையாளத்தைச் சேர்த்தார்கள். ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ள முடியாதபடி வைத்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் மனநலம் குன்றிய ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். போளூர் அருகே, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது மூதாட்டி பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதற்காக உயிரை இழந்தார். 2020 ஏப்ரலில், ஐந்து கைக்கு மேல் மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். அதன்பின் அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்தன என்று அந்த நிறுவனமே சொன்னது. அதாவது, விரலுக்கு ஒரு சிறு தடை வைத்தாலே முக்கால்வாசி நின்றுபோகிறது. மனிதர்கள் வெறுப்பால் அல்ல, பெரும்பாலும் சுலபமாக இருப்பதால்தான் பரப்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று 2021-இல் ஒன்றிய அரசு விதி போட்டது. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024-இல் அதன் வழக்கறிஞர் சொன்னார். ஸனதைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான் அரசின் விதியை ஆதரிக்க வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கலாம். ஆதரிக்கவில்லை. முஹத்திஸ்கள் ராவியைத் தேடியது செய்தியை எடைபோட. அரசு தேடுவது ஆளைப் பிடிக்க. இன்று வதந்திக்காரனைக் காட்டும் அதே கருவி நாளை உண்மையை வெளியிட்ட பத்திரிகையாளனையும் காட்டும். அப்படிப்பட்ட கருவி யார் பக்கம் முதலில் திரும்பும் என்பதை நம் சமுதாயம் அனுபவத்தில் அறிந்திருக்கிறது.

நாம் நின்ற இடம், நாம் நிற்கும் இடம்

2020 மார்ச் கடைசி நாட்களை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. நிஜாமுத்தீன் மர்கஸிலிருந்து திரும்பியவர்களுக்குக் கொரோனா என்றதும் நோய்க்கு மார்க்க அடையாளம் ஒட்டினார்கள். தட்டில் எச்சில் துப்புகிறார்கள், பழத்தில் தடவுகிறார்கள் என்று பழைய காணொலிகளையும் வேறு ஊர்க் காணொலிகளையும் எடுத்துவந்து ஓட்டினார்கள். பல ஊர்களில் நம் காய்கறி வண்டிக்காரர்களைத் தெருவுக்குள் விடவில்லை. தமிழக சுகாதாரத் துறை தன் தினசரி அறிக்கையில் மாநாட்டின் பெயரைச் சொல்லாமல் 'ஒரே மூலம்' என்ற சொல்லுக்கு மாறியது சின்ன விஷயம்தான், ஆனால் நல்ல விஷயம். அந்த ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தைச் சொன்னது. டெல்லியில் 70 இந்தியர்கள் மீது இருந்த 16 வழக்குகள் ரத்தாக 2025 ஜூலை வரை ஐந்து ஆண்டுகள் ஆயின. வதந்தி ஒரே இரவில் ஊர் சுற்றியது. ரத்து உத்தரவை நம் குடும்பக் குழுக்களிலேயே எத்தனை பேர் படித்தார்கள்?

இப்படி அடிபட்ட நாம் வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும். நடந்துகொள்கிறோமா என்பதுதான் கேள்வி.

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முகாம் தடுமாறியதற்கு வாட்ஸ்அப் வதந்தி ஒரு பெரிய காரணம். கால நீட்டிப்பு செய்ய வேண்டியிருந்தது. இந்த வதந்தி எல்லாச் சமுதாயத்திலும் ஓடியது. நம் வீடுகளில் அதற்குத் தனிச் சட்டை போட்டார்கள்: இது முஸ்லிம் பிள்ளைகளுக்கு வாரிசு இல்லாமல் செய்யும் ஊசி. எந்த மருத்துவர் சொன்னார் என்று கேட்டால் பதில் இல்லை. ருபெல்லா வந்த கர்ப்பிணியின் குழந்தை காது கேளாமலும் இதயக் குறைபாட்டோடும் பிறக்கலாம். அதைத் தடுக்கும் ஊசியை மார்க்கத்தின் பெயரால் தள்ளிப் போட்டது நம் பெண் பிள்ளைகளுக்கு நாமே செய்த அநியாயம்.

சினிமா விஷயத்திலும் இதே நிலைதான். 'தி கேரளா ஸ்டோரி' 2023 மே 5 அன்று வந்தது. 32,000 பெண்கள் என்று முன்னோட்டத்தில் முழங்கினார்கள்; கேள்வி வந்ததும் அதையே மூன்று பெண்களின் கதை என்று மாற்றினார்கள். அந்த 32,000 என்ற எண்ணுக்கு நம்பத்தகுந்த தரவு இல்லை என்று படத்தில் அறிவிப்பு போட உச்ச நீதிமன்றத்தில் தயாரிப்பாளர் தரப்பே ஒப்புக்கொண்டது. பொய்யைப் பொய் என்று நாம் சொன்னோம், அது சரி. ஒரு வாரம் கழித்து மே 12-இல் 'ஃபர்ஹானா' வந்தது. சென்னை முஸ்லிம் குடும்பத்துப் பெண் ஒருத்தி கால் சென்டர் வேலைக்குப் போவதும் முகம் தெரியாத ஒருவனிடம் போனில் பேசி மாட்டிக்கொள்வதுமான கதை. முன்னோட்டத்தைப் பார்த்தே நம் குழுக்களில் இதுவும் அதே சதி என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தயாரிப்பு நிறுவனம் விளக்க அறிக்கை கொடுத்தது, நடிகை வீட்டுக்குப் போலீஸ் பாதுகாப்பு போட வேண்டியிருந்தது. நான் சினிமாவுக்குப் பரிந்து பேசவில்லை. அதில் என் நிலை என் பயான்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு படம் பொய் எண்ணிக்கையால் ஒரு சமுதாயத்தையே குற்றவாளி ஆக்குகிறது. இன்னொன்று ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால், முதல் படத்தின் மீது நாம் சொன்ன நியாயமான குற்றச்சாட்டின் எடையும் குறைந்துபோகும். 2013-இல் 'விஸ்வரூபம்' தடைசெய்யப்பட்டுப் பிறகு சில வெட்டுகளோடு வெளிவந்தபோதும் இதுதான் நடந்தது: நம் எதிர்ப்பின் காரணம் என்னவென்று வெளியில் யாருக்கும் நினைவில்லை, எதிர்த்தோம் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பரப்பியவர்கள் எல்லோரும் முனாஃபிக்குகள் அல்ல

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அப்துல்லாஹ் இப்னு உபையைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்வோம். கட்டிவிட்டவன் அவன்தான். ஆனால் அதை வாய்க்கு வாய் கொண்டுபோனவர்களில் மிஸ்தஹ் (ரலி) இருந்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவர், அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர், அவர்களுடைய உதவியில் வாழ்ந்தவர். எதிரி அல்ல. ஒரு மாத காலம் மதீனா அந்தப் பேச்சில் வெந்தது. சூரா நூர் அந்த நிகழ்ச்சியில் இறங்கியபோது கட்டியவனை மட்டுமல்ல, கேட்ட மாத்திரத்தில் நாவிலிருந்து நாவுக்கு மாற்றியவர்களையும் கண்டித்தது. ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்துக்கும் முஃபஸ்ஸிர்கள் ஒரு பின்னணி சொல்வார்கள்: பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஜகாத் தர மறுத்துவிட்டார்கள் என்று வந்த ஒரு தவறான தகவல், ஒரு படையெடுப்பு வரை போயிருக்கும்.

குழுவில் யாரும் கெட்ட எண்ணத்தோடு அனுப்பவில்லை என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். எண்ணம் சரிதான். அனுப்பப்பட்டது சரியா?

பொய் கண்டுபிடித்த பிறகு வரும் ஆபத்து

2023 வதந்தி உடைந்ததில் தமிழர்களுக்கு நியாயமான பெருமை இருந்தது. அதே பெருமை இப்போது வேறு வேலை செய்கிறது. 2025 டிசம்பர் இறுதியில், நம் அம்பத்தூர், ஆவடி வழியாகவே ஓடும் சென்னை–திருத்தணி மின்சார ரயிலில் நான்கு சிறுவர்கள் அரிவாளைக் காட்டி ரீல்ஸ் எடுத்தார்கள். வெளிமாநிலத் தொழிலாளி ஒருவரைத் திருத்தணியில் ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போய் வெட்டினார்கள். அதையும் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். வெட்டியவன் விரலை உயர்த்தி வெற்றிச் சின்னம் காட்டுகிறான். இது பாட்னா வாடகை வீட்டில் எடுத்ததல்ல. நம் ரயிலில் தொடங்கியது, நம் பிள்ளைகள் செய்தது. வடமாநிலத்தவர் என்பதற்காக நடந்த தாக்குதல் அல்ல என்று காவல்துறை விளக்கியது, இருக்கலாம். ஆனால் "இதுவும் ஃபேக்தான், வடக்கன்ஸ் வேலை" என்று உடனே எழுதிய நம்மூர் இளைஞர்களுக்கு என்ன பெயர்? முன்பு பொய் சொன்னார்கள் என்பதால் இப்போது நடந்தது பொய்யாகிவிடாது. ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

'வடக்கன்' என்ற அந்தச் சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். மீம்களிலும் படக் காமெடியிலும் பான்பராக் வாயோடு ஓர் உருவம் வருகிறது. நம் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே அனுப்புகிறார்கள். அந்த உருவத்தில் நம் கடைசி ஸஃப்பில் நிற்கும் பையனும் இருக்கிறான் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. 2025-இல் பல மாநிலங்களில் வங்காளி பேசும் முஸ்லிம் தொழிலாளர்களை வங்கதேசத்தவர் என்று பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். இந்தியக் குடிமக்களே அதில் சிக்கினார்கள். பீர்பூமைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிப் பெண் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போன பிறகுதான் டிசம்பரில் திரும்பி வர முடிந்தது. சந்தேகப் பார்வையை உருவாக்குவதில் நகைச்சுவைக்கும் பங்கு உண்டு.

கரூர் இன்னொரு பாடம். 2025 செப்டம்பர் 27 அன்று நடிகர் விஜய்யின் கட்சிக் கூட்டத்தில் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். ஜனாஸா எடுப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதுவது என்பார்களே, அப்படி அந்த இரவே இரு தரப்பும் 'ஆதாரம்' வெளியிட ஆரம்பித்துவிட்டன. சென்னைப் போலீசார் 25 கணக்குகள் மீது வழக்குப் போட்டு மூவரைக் கைது செய்தார்கள். அவர்களில் ஒருவர் மாங்காடு, ஒருவர் ஆவடி. தலைமையகத்தில் உட்கார்ந்திருக்கும் ஐ.டி. விங் நிபுணர்கள் அல்ல; நம் பக்கத்துத் தெருக்காரர்கள். கட்சி வேறு, ரசிகர் மன்றம் வேறு என்ற எல்லை கைபேசியில் கிடையாது. கைது ஆனால் ஜாமீனுக்கு அலைவது வீட்டில் இருக்கும் அத்தாவும் அம்மாவும்தான். யூடியூபர் மனீஷ் காஷ்யப்பின் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. 2023 நவம்பரில் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. பிறகு அவர் பா.ஜ.க.வில் சேர்ந்தார், விலகினார், 2025-இல் பீகார் சட்டமன்றத் தேர்தலிலும் வேறு கட்சியில் நின்று தோற்றார். வதந்தி அவருக்கு ஒரு வாழ்க்கைத் தொழிலைக் கொடுத்தது. ஆவடிப் பையனுக்கு அப்படி எதுவும் கிடைக்காது, வழக்கு மட்டும் கிடைக்கும்.

யாரிடம் கேட்பது?

தமிழக அரசு 2023 அக்டோபரில் உண்மை சரிபார்ப்பகம் தொடங்கியது. பல பொய்களை அது உடைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அரசைப் பற்றிய செய்தி உண்மையா என்று அரசே சொல்வதில் ஓர் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. ஒன்றிய அரசு இதே போன்ற ஒன்றுக்காகத் திருத்திய விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போது நாம் மகிழ்ந்தோம். நமக்குப் பிடித்த அரசு என்பதால் அளவுகோல் மாறக் கூடாது.

நம் பகுதியில் இதைவிட நெருக்கமான ஒரு வழி இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி மஹல்லாக்களில் உருது பேசும் குடும்பங்கள் உண்டு. எங்களைப் போன்ற மதரஸாக்காரர்களின் தட்டுத்தடுமாறிய உருதுவும் உண்டு. 2023-இல் அந்த இரு பிள்ளைகளிடம் நான் செய்தது ஒன்றும் பெரிதல்ல. அவர்கள் அறையில் தங்கியிருக்கும் மற்ற எட்டுப் பேரையும் அழைத்துவரச் சொன்னேன். யாராவது அடிபட்டதைக் கண்ணால் பார்த்தவர் உண்டா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். எட்டுப் பேரும் கேள்விப்பட்டவர்கள்; பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதை அவர்களே கவனித்தார்கள். பிறகு அங்கிருந்தே கட்டிஹாருக்குக் காணொலி அழைப்புப் போட்டு, பள்ளியையும் தெருவையும் டீக்கடையையும் அந்தத் தாய்க்குக் காட்டினார்கள். ஒருவன் ஹோலி விடுமுறைக்கு டிக்கெட் எடுத்திருந்ததால் போனான், இரண்டு வாரத்தில் திரும்பி வந்தான். மற்றவர்கள் போகவில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நான் கேட்பது இதுதான். மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் மவுத் செய்தி, நிக்காஹ் செய்தி, தொழுகை நேர மாற்றம் போடுகிறீர்கள். வெளிமாநிலப் பிள்ளைகளில் அறைக்கு ஒருவர் எண்ணையாவது அதில் சேருங்கள். ஒரு செய்தி வந்தால் குழுவில் போடுவதற்கு முன் சம்பந்தப்பட்ட ஊரில் தெரிந்த ஓர் ஆளுக்குப் போன் செய்யும் பொறுப்பை இரண்டு இளைஞர்களிடம் கொடுங்கள். பதில் வரும் வரை குழுவில் அது ஏறக் கூடாது. ஒரு மணி நேரம் தாமதமாகும், அவ்வளவுதான். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வரைவுப் பட்டியலிலிருந்து நீங்கின. அந்த நாட்களில் நம் குழுக்கள் பலவற்றில் குடியுரிமை பறிபோகும் என்ற குரல்பதிவுகள்தான் சுற்றின. எந்தப் படிவத்தை எங்கே, எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதை ஆள் வைத்துக் கேட்டுப் போட்ட மஹல்லாக்களில், பெயர் விடுபட்டவர்கள் படிவம் 6-ஐ நிரப்பிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.